கிணற்றடி மீத்தேன்: எதை மாற்றுவது, எதைக் கண்காணிப்பது?

மீத்தேன் வெளியேற்றத்தைக் குறைக்கப்போகிறோம் என்று ஓர் எரிவாயு உற்பத்தி நிறுவனம் அறிவித்ததும் இரண்டு வகை விற்பனையாளர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒருவர் கேமரா, சென்சார், விமானம், செயற்கைக்கோள் என்று கசிவைக் கண்டுபிடிக்கும் வழிகளை விற்பவர். மற்றவர் கம்ப்ரசர், மின்சார வால்வு, தொட்டி ஆவியைப் பிடிக்கும் யூனிட் என்று வாயு வெளியேறும் இடத்தையே இல்லாமல் ஆக்கும் கருவிகளை விற்பவர். இருவருக்கும் ஒரே ஆண்டில் கொடுக்கும் அளவுக்குப் பெரும்பாலான நிறுவனங்களிடம் பணம் இருக்காது. முதல் ஆண்டின் பணம் யாருக்கு?

இரண்டாமவருக்கு என்பது என் பதில். ஆனால் அவர் பட்டியலில் இருப்பதையெல்லாம் வாங்கிவிடக் கூடாது. மலிவு என்று சொல்லி அவர் முதலில் எடுத்துக் காட்டும் பொருளை நிச்சயம் வாங்கக் கூடாது. ஏன் என்பதைக் கருவி கருவியாகப் பார்க்கலாம்.

மீத்தேன் என்றதும் தமிழ்நாட்டில் மன்னார்குடியும் காவிரிப் படுகையும் நினைவுக்கு வரும். அது நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கலாமா கூடாதா என்ற விவாதம். இங்கே பேசுவது ஏற்கெனவே உற்பத்தியில் இருக்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பற்றி. பெரும்பகுதி மீத்தேனாக இருக்கும், விற்க வேண்டிய வாயுவே காற்றில் கலந்து வீணாவதை நிறுத்துவது பற்றி. உதாரணங்களை அமெரிக்காவிலிருந்து எடுக்கிறேன். கொலராடோ, டெக்சாஸ் போன்ற இடங்களில்தான் கிணற்றடிக்கே போய் அளந்து பார்த்த ஆய்வுகள் அதிகம்.

அந்த அளவீடுகள் சொல்லும் முதல் செய்தி, கணக்கில் காட்டப்படுவதைவிட அதிகமாக வாயு வெளியேறுகிறது என்பது. 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டன் மீத்தேன் வெளியேறுவதாக மதிப்பிட்டது. அந்நாட்டின் மொத்த எரிவாயு உற்பத்தியில் அது 2.3 சதவீதம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைப்படி, 20 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் புதைபடிவ மீத்தேன் 82 டன்னுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. ஆனால் மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான். இன்று அடைத்தால் அதன் பலனை இன்று வாழ்பவர்களே பார்ப்பார்கள். இந்த வேலையில் எனக்கு இருக்கும் அக்கறைக்கு முதல் காரணம் இதுதான்.

ஊதுவதையே வேலையாகக் கொண்ட கருவி

கிணற்றடித் தளங்கள் பலவற்றுக்கு மின்இணைப்பு கிடையாது. ஆனால் அங்கே வால்வுகளைத் திறக்கவும் மூடவும் ஏதாவது ஒரு விசை வேண்டும். கிணற்றிலிருந்து வரும் வாயுவுக்கே அழுத்தம் இருப்பதால் அதையே விசையாகப் பயன்படுத்திக்கொள்வது பல பத்தாண்டுப் பழக்கம்.

ஒரு செப்பரேட்டரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இது எளிதாகப் புரியும். கிணற்றுக் கலவை அந்த இரும்புக் கலத்துக்குள் நுழைந்ததும் வாயு மேலே பிரிகிறது, எண்ணெயும் தண்ணீரும் அடியில் தங்குகின்றன. தண்ணீர் மட்டம் ஏறும்போது உள்ளே இருக்கும் மிதவையும் ஏறுகிறது. மிதவையோடு இணைந்த நியூமேட்டிக் கன்ட்ரோலர், அதாவது வாயு அழுத்தத்தில் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி, 20 அல்லது 30 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள வாயுவை வால்வின் தலையில் இருக்கும் ரப்பர் டயஃப்ரத்தின் மேல் செலுத்துகிறது. டயஃப்ரம் அழுந்தி, தண்டு நகர்ந்து, வால்வு திறக்கிறது. தண்ணீர் தொட்டிக்கு வடிகிறது. மிதவை கீழே இறங்கியதும் டயஃப்ரத்தின் மேல் நின்ற வாயுவை ‘உஸ்’ என்ற ஓசையோடு வெளியே விட்டுவிடுகிறது கருவி. கிணறு ஓடும்வரை இது இரவும் பகலும் நடக்கும். எங்கும் ஓட்டை இல்லை, எதுவும் பழுதாகவில்லை. கருவியின் வடிவமைப்பே இப்படித்தான்.

இவற்றில் மூன்று வகை உண்டு. இடைவிடாமல் அதிகம் ஊதும் ஹை-பிளீட், இடைவிடாமல் கொஞ்சம் ஊதும் லோ-பிளீட், வால்வு நகரும்போது மட்டும் ஊதும் இடைவெளி வகை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பழைய கணக்கில், ஒரு கருவி மணிக்கு விடும் வாயு முறையே 37.3, 1.39, 13.5 கன அடி. இந்த எண்களைப் பார்த்தால் தீர்வு கைமேல் இருப்பதுபோலத் தோன்றும்: ஹை-பிளீட்டைக் கழற்றிவிட்டு லோ-பிளீட்டைப் பொருத்தினால் 96 சதவீதம் குறைந்துவிடும். விற்பனையாளர் முதலில் எடுத்துக் காட்டும் மலிவுப் பொருள் இதுதான். பல ஆண்டுகள் விதிகளும் இதையே பரிந்துரைத்தன.

களத்தில் அளந்தபோது கதை மாறியது. அதே முகமை 2024இல் திருத்திய எண்களில் ஹை-பிளீட் சுமார் 21 கன அடி, லோ-பிளீட் 6.8, இடைவெளி வகை 8.8. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய லோ-பிளீட்டின் எண் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஏறிவிட்டது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. கிணற்று வாயுவில் தண்ணீர், மெழுகு, மணல் தூசி எல்லாம் வரும். ஒரு துகள் கன்ட்ரோலரின் உள்ளே சிக்கினால் அதிலுள்ள சிறுவால்வு முழுதாக மூடாது. வால்வு அசையாத நேரத்திலும் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில் 377 கன்ட்ரோலர்களை அளந்தார்கள். அவற்றில் 19 சதவீதக் கருவிகளே மொத்த வெளியேற்றத்தில் 95 சதவீதத்தை விட்டன. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் வாயு சேகரிப்பு நிலையங்களில் 72 கருவிகளைப் பல நாட்கள் தொடர்ந்து அளந்தபோது, ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை இருக்க வேண்டிய விதத்தில் இயங்கவில்லை.

ஆகவே லோ-பிளீட்டுக்குப் பணம் போடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. கழற்றி மாட்டும் கூலி எப்படியும் ஆகத்தான் போகிறது. சில ஆண்டுகளில் அதே தளத்துக்குத் திரும்பவும் வந்து அதையே கழற்ற வேண்டியிருக்கும். கொலராடோவில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. நாட்டிலேயே முதன்முதலாக எண்ணெய், எரிவாயு மீத்தேனுக்கு விதி கொண்டுவந்த அந்த மாநிலம், 2014இல் லோ-பிளீட்டை வலியுறுத்தியது. 2021 பிப்ரவரியில், புதிய தளங்களில் வாயுவை வெளியே விடாத கன்ட்ரோலர்கள்தான் இருக்க வேண்டும், பழைய தளங்களும் படிப்படியாக மாற வேண்டும் என்று விதித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2021 ஜனவரி முதலே புதிய தளங்களில் வாயுவை வெளியே விடும் கருவிகளை அனுமதிப்பதில்லை. 2023 டிசம்பரில் இறுதியான அமெரிக்க மத்திய விதியும் அதே வழியில்தான் போனது. மின்இணைப்பில்லாத அலாஸ்கா தளங்களுக்கு மட்டுமே அதில் விலக்கு.

பூஜ்யத்துக்குப் போகும் வழிகள்

லோ-பிளீட்டை ஒதுக்கிவிட்டால் மீதி இருப்பவை: அமுக்கிய காற்று, மின்சார வால்வு, வெளியேறும் வாயுவைப் பிடித்து எரிபொருள் குழாயில் சேர்ப்பது, கன்ட்ரோலரையே நீக்கிவிடுவது. இவற்றில் எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. தளத்தில் மின்சாரம் உண்டா, கருவிகள் எத்தனை என்ற இரண்டு கேள்விகளே முடிவைச் சொல்லிவிடும்.

மின்கம்பி வந்துவிட்ட, இருபதுக்கு மேல் கருவிகள் உள்ள பெரிய தளம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அமுக்கிய காற்றுதான். ஒரு கம்ப்ரசர், ஈரத்தை எடுக்கும் டிரையர், காற்றுத் தொட்டி இவ்வளவும் வைத்து, வாயு வந்த அதே குழாய்களில் காற்றை விட்டால் போதும். கன்ட்ரோலரும் வால்வும் அப்படியே இருக்கலாம். அவற்றைப் பழக்கமாகக் கையாளும் பணியாளர்களுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. ஒரு கருவியின் உள்ளே துகள் சிக்கினால்கூட வெளியே போவது காற்றுதான். இந்த வழியின் மிகப் பெரிய பலம் அதுவே. கெட்டுப்போனாலும் மீத்தேன் வராது.

இதிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். டிரையரைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் குளிர்காலத்தில் காற்றிலுள்ள ஈரம் குழாயில் உறைந்து தளமே நின்றுவிடும். கொலராடோ, வடக்கு டகோட்டா குளிரில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. அடுத்தது, கம்ப்ரசர் நின்றால் தானாகவே பழையபடி வாயுவுக்கு மாறும்படி இணைப்பு வைப்பது. உற்பத்தி நிற்காமலிருக்க அது வசதிதான். ஆனால் யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் தளம் மீண்டும் வாயுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும் அபாயம் அதில் இருக்கிறது. மாற்று இணைப்பு வேண்டுமானால் இரண்டாவது கம்ப்ரசராக இருக்கட்டும். வாயுவாக இருந்தால், மாறிய உடனே அலுவலகத்துக்குச் செய்தி போகும் ஏற்பாடாவது கட்டாயம் வேண்டும்.

மின்கம்பி இல்லாத இடத்தில் வாயு ஜெனரேட்டர் வைத்துக் கம்ப்ரசரை ஓட்டலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். அந்த இன்ஜினின் புகையோடு எரியாத மீத்தேனும் வெளியே போகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தளங்களில் அப்போதும் லாபமே. நான்கைந்து கருவிகள் உள்ள சிறு தளத்துக்கு இது பொருந்தாது.

சிறு தளங்களுக்கு மின்சார வால்வுதான் வழி. சோலார் பலகை, பேட்டரி, சிறு மின்மோட்டார், மட்டத்தை அளக்கும் மின்சென்சார், அவ்வளவுதான். கருவி ஒன்றுக்கு ஆகும் செலவு காற்று முறையைவிட அதிகம். ஆனால் கம்ப்ரசர், டிரையர் என்ற பொதுச் செலவு கிடையாது. அதனால் கருவிகள் குறைவாக இருக்கும் இடத்தில் இது முந்திக்கொள்கிறது. கூடவே ஒரு லாபமும் உண்டு. வால்வு எத்தனை முறை திறந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதெல்லாம் அலுவலகத்திலிருந்தே தெரியும். அவசரகால வால்வுகள் மட்டும் தனி. மின்சாரம் போனால் அவை தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் வைத்த மாதிரிகளை அங்கே தேட வேண்டும், பாதுகாப்புப் பொறியாளர் கையெழுத்திடாமல் மாற்றக் கூடாது. மேகமூட்டமும் குளிரும் வாரக்கணக்கில் நீடிக்கும் இடமென்றால் பேட்டரியை ஒரு படி பெரிதாகவே வாங்க வேண்டும். இந்த இடத்தில் மிச்சம் பிடித்துவிட்டு, ‘சோலார் சரிப்படாது’ என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

சோலாருக்கு மறுபேச்சே இல்லாத ஓர் இடம் உண்டு: ரசாயனம் செலுத்தும் பம்புகள். அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் மெத்தனாலையும் கிணற்றுக்குள் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் இவற்றையும் வாயு அழுத்தத்திலேயே ஓட்டுகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் வாயு வெளியே போகிறது. தேவைப்படும் விசையோ மிகக் குறைவு. ஒரு சிறு சோலார் பலகையும் பேட்டரியும் அதைத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளும். எந்தத் திட்டமாக இருந்தாலும் முதல் வாரத்தில் இதிலிருந்து தொடங்கலாம்.

வெளியேறும் வாயுவைக் குழாயில் பிடித்து அங்கேயே ஓடும் இன்ஜினுக்கு எரிபொருளாக அனுப்புவது, இன்ஜின் இருக்கும் தளங்களுக்கு மட்டும் நல்லது. அதையே ஃபிளேருக்கு அனுப்புவதை, அதாவது உயரமான குழாயின் நுனியில் எரித்துவிடுவதை, நான் ஏற்கமாட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கன்ட்ரோலரையே நீக்குவது பற்றி விற்பனையாளர்கள் பேசுவதில்லை, விற்க அதில் ஒன்றுமில்லை. மிதவையின் அசைவே நெம்புகோல் வழியாக வால்வைத் திறக்கும் எந்திர முறை வெகுகாலமாக இருக்கிறது. வாயுவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். உற்பத்தி குறைந்துவிட்ட பழைய கிணற்றில், புதிதாக இருந்தபோது பொருத்திய அத்தனை கருவிகளும் இன்னும் தேவைதானா என்று ஒருமுறை தளத்தை நடந்து பார்த்தாலே சிலவற்றைக் கழற்றிவிடலாம்.

பணக்கணக்கு

இருபது இடைவெளி வகைக் கருவிகள் உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். திருத்திய எண்ணான 8.8 கன அடியை வைத்தால், ஒரு கருவி ஆண்டுக்கு விடுவது ஏறத்தாழ 77,000 கன அடி. ஆயிரம் கன அடி 3 டாலர் என்று வைத்தால் அதன் மதிப்பு 230 டாலர். இருபதுக்கும் சேர்த்து 4,600 டாலர் சொச்சம். கம்ப்ரசர் அமைப்பின் செலவை இந்த வருமானம் மட்டுமே சீக்கிரம் திருப்பித் தராது. ‘மீத்தேனைப் பிடித்தால் தானாகவே லாபம்’ என்று மாநாடுகளில் சொல்லப்படுவதை எல்லாக் கிணற்றுக்கும் பொருத்தக் கூடாது. இதைவிடப் பெரிய தளங்களில் அது உண்மையாக இருக்கலாம். சிறிய தளங்களில் பல நேரம் இல்லை.

அதே இருபது கருவிகளைப் பூமியின் கணக்கில் பார்ப்போம். வாயுவில் 80 சதவீதம் மீத்தேன் என்றால் ஆண்டுக்குச் சுமார் 24 டன் மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் அது 1,900 டன்னுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அமெரிக்கக் காங்கிரஸ் 2022இல் கொண்டுவந்த சட்டம், இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை நிரப்பப் பார்த்தது. பெரிய நிறுவனங்கள் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் விடும் ஒவ்வொரு டன் மீத்தேனுக்கும் 2024இல் 900 டாலர், 2026இல் 1,500 டாலர் கட்டணம் என்றது. அந்தக் கட்டணம் முழுதாக விழும் இடத்தில், 24 டன் என்பது ஆண்டுக்கு 21,600 டாலரிலிருந்து 36,000 டாலர் வரையான செலவு. கம்ப்ரசர் வாங்குவது அப்போது சாதாரண வணிக முடிவு. 2025இல் புதிய காங்கிரஸ் அந்தக் கட்டணத்தை 2034 வரை தள்ளிவைத்துவிட்டது. மத்திய விதிகளின் கெடுக்களும் தள்ளிப்போயின. என்னைக் கேட்டால் இது பெரிய இழப்பு. கருவிகள் தயாராக இருக்கின்றன, வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கணக்குதான் மறுபடியும் தலைகீழாகிவிட்டது.

கண்டுபிடிப்பவர் சொல்வது

முதல் விற்பனையாளர் சொல்வதிலும் நியாயம் நிறையவே இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஹெலிகாப்டரில் அகச்சிவப்புக் கேமரா வைத்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிணற்றடித் தளங்களைப் பார்த்தார்கள். பெரிய அளவு வெளியேற்றம் தெரிந்தது ஏறத்தாழ 4 சதவீதத் தளங்களில்தான். அப்படித் தெரிந்த இடங்களில் பத்தில் ஒன்பது, எண்ணெய், தண்ணீர்த் தொட்டிகளின் ஆவிக்குழாயும் மேல்மூடியும். அதே ஆண்டு வந்த வேறோர் ஆய்வு, மிகப் பெரிய 5 சதவீதக் கசிவுகளே மொத்தக் கசிவில் பாதிக்கும் மேல் என்றது.

தொட்டியின் உச்சியில், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளவுகோலை விட்டுப் பார்க்க ஒரு மூடி உண்டு. அதன் ரப்பர் வளையம் வெயிலிலும் எண்ணெய் ஆவியிலும் கிடந்து விரிசல் விட்டுப்போகும். அளந்துவிட்டு இறங்கியவர் தாழைச் சரியாகப் போடாமல் போய்விடலாம். செப்பரேட்டரிலிருந்து வால்வு மூடாமல் வாயுவும் சேர்ந்து தொட்டிக்கு வந்தால், அந்த ஒரு மூடியின் வழியே மணிக்குப் பல கிலோ மீத்தேன் போகும். மீத்தேனுக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. வீட்டு வாயுவில் வரும் வாடை பின்னால் சேர்க்கப்படுவது. ஆகவே கீழே நிற்பவருக்குத் தெரியாமலே இது நடக்கலாம். அமெரிக்க விதி சூப்பர் எமிட்டர் என்று வரையறுப்பது மணிக்கு 100 கிலோவுக்கு மேல் விடும் இடத்தை. முன்னே பார்த்த கன்ட்ரோலர்கள் எழுநூற்றுக்கும் மேல் சேர்ந்தால்தான் அந்த அளவு வரும்.

அப்படியிருந்தும் கேமராவை ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்? அது காண்பது வேறு, கன்ட்ரோலர் விடுவது வேறு. இருபது கருவிகளும் சேர்ந்து விடுவது மணிக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு. செயற்கைக்கோள்களில் கூர்மையானவைகூட மணிக்கு 100 கிலோ அளவில்தான் பார்க்கத் தொடங்கும். விமானத்தில் போகும் நல்ல லேசர் கருவி ஒரு சில கிலோவைப் பிடிக்கலாம். தனிக் கருவி ஒன்றின் ஊதலை இவை இரண்டும் பிடிக்காது. எல்லாத் தளத்திலும் எல்லா நேரமும் நடக்கும் சிறு வெளியேற்றத்துக்குத் தேடுதல் வேண்டியதில்லை, எங்கே என்பது தெரிந்ததே. கழற்றினால் அது என்றென்றைக்கும் போய்விடும். கேமராவில் கண்ட மூடியை இன்று அடைத்தால், அடுத்த மாதம் வேறொரு மூடி திறந்துகிடக்கும். அந்தச் செலவு ஆண்டுதோறும் வரும்.

கண்டுபிடிப்புக்கென்று ஒதுக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கூர்மையைவிட அடிக்கடி போவது முக்கியம். பெரிய கசிவு எந்தக் கருவியிலும் தெரியும். அது மூன்று மாதம் யாரும் பார்க்காமல் கிடப்பதில்தான் நஷ்டம். அமெரிக்க மத்திய விதி, முக்கியக் கருவிகள் உள்ள தளங்களில் காலாண்டுக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கேமரா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண், காது, மூக்கால் சோதனை என்கிறது. அந்த இரண்டாவது சோதனையைத் துச்சமாக நினைக்க வேண்டாம். தொட்டி மூடி திறந்திருப்பதற்குக் கேமரா தேவையில்லை, ஏணியில் ஏறினால் போதும். தினமும் தளத்துக்கு வரும் பணியாளருக்கு ஏழெட்டு இடங்கள் கொண்ட ஒரு பட்டியலும், பழுதை அன்றே சரிசெய்யும் அதிகாரமும் கொடுப்பதுதான் இந்தத் துறையில் மிகக் குறைந்த செலவுள்ள வழி.

கேமரா வாங்குவோர் ஒரு கண்டுபிடிப்பை மறக்கக் கூடாது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் ஃபோர்ட் காலின்ஸில் நடத்தும் மீட்டெக் சோதனைக் களத்தில், வேண்டுமென்றே கசிவுகளை உண்டாக்கி ஆய்வாளர்களைத் தேடவிட்டார்கள். அதற்கு முன் 551க்கு மேற்பட்ட தளங்களைப் பார்த்த அனுபவசாலிகள், மற்றவர்களைவிட 1.7 மடங்கு கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள். கேமரா ஒன்றுதான், பிடித்தவர் கை வேறு. ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது கருவியின் மாடலைக் கேட்பதோடு, வரப்போகிறவரின் அனுபவத்தையும் கேட்க வேண்டும்.

தளத்திலேயே கம்பம் நட்டு இடைவிடாமல் அளக்கும் சென்சார்கள் பெரிய மையத் தளங்களுக்குப் பொருத்தம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து அவற்றின் எச்சரிக்கை மாறும் என்பதால், எவ்வளவு என்று சொல்வதில் தடுமாறும். ஏதோ நடக்கிறது என்பதைச் சொல்ல அவை போதும். செயற்கைக்கோளை நிறுவனத்தின் சொந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை. பொதுமக்களும் அரசும் நிறுவனங்களைக் கேள்வி கேட்க அது தேவை, அந்த வகையில் மிகவும் தேவை. 2024 மார்ச்சில் ஏவப்பட்ட, மீத்தேனை அளக்கும் செயற்கைக்கோளான மீத்தேன்சாட் ஓராண்டு கடந்து 2025 ஜூனில் தொடர்பிழந்தது இந்த முயற்சிக்கு விழுந்த அடி.

எரிப்பதா, பிடிப்பதா

தொட்டி ஆவிக்கு இரண்டு வழி. ஃபிளேரில் எரிப்பது, அல்லது ஆவியைப் பிடித்து அழுத்தி விற்பனைக் குழாயில் சேர்ப்பது. ஃபிளேர் மலிவு. அதற்குப் போகும் மீத்தேனில் 98 சதவீதம் எரிந்துவிடும் என்று வைத்துத்தான் எல்லோரும் கணக்கு எழுதினார்கள். அமெரிக்காவின் பெர்மியன், ஈகிள் ஃபோர்டு, பேக்கன் படுகைகளின் மேல் விமானத்தில் பறந்து அளந்த குழு, உண்மையில் அழிவது 91.1 சதவீதம்தான் என்று 2022இல் சொன்னது. எரியாமல் தப்பும் பங்கு 2இலிருந்து ஏறத்தாழ 9 ஆகிவிட்டது, நான்கு மடங்குக்கும் மேல். சில ஃபிளேர்கள் அணைந்தே கிடந்தன. அணைந்த ஃபிளேர் என்பது வாயுவை நேரடியாக வானத்துக்கு அனுப்பும் குழாய்தான். கன்ட்ரோலர் வாயுவை ஃபிளேருக்கு அனுப்ப வேண்டாம் என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இது.

விற்பனைக் குழாய் இருக்கும் தளத்தில் ஆவி பிடிக்கும் யூனிட்டே சரி. எண்ணெய்த் தொட்டியின் ஆவி அடர்த்தியானது, நல்ல விலை போகும். குழாய் இல்லாத இடத்தில் ஃபிளேர் தவிர்க்க முடியாது என்றால், தீ அணைந்தால் தானே மீண்டும் பற்றவைக்கும் அமைப்பும், அணைந்ததைச் சொல்லும் வெப்ப உணரியும் இல்லாத ஃபிளேரை வாங்கக் கூடாது.

தண்ணீர் ஏறிய கிணறு

வயதான எரிவாயுக் கிணற்றில் அழுத்தம் குறையக் குறைய, அடியில் சேரும் தண்ணீரை மேலே தள்ள வாயுவுக்குத் தெம்பு இருக்காது. தண்ணீர்த் தூண் கிணற்றை அடைத்துக்கொள்ளும். அப்போது சிலர் கிணற்றைக் குழாயிலிருந்து துண்டித்து வாயிலைத் திறந்துவிடுவார்கள். எதிர்அழுத்தம் போனதும் வாயு தண்ணீரை வாரிக்கொண்டு வெளியே பாயும். கூடவே அத்தனை மீத்தேனும். இதற்கு மாற்று பிளஞ்சர் லிஃப்ட். குழாய்க்குள் ஏறி இறங்கும் ஓர் எஃகு உருளை, கிணற்றில் தானாகச் சேரும் அழுத்தத்திலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். உற்பத்தியும் கூடும் என்பதால் இந்தச் செலவுக்கு அதிகம் வாதாட வேண்டியதில்லை. ஆனால் உருளை மேலே வராமல் நின்றால் பழையபடி வாயிலைத் திறக்கும்படி நேரக் கட்டுப்பாட்டை அமைத்துவிட்டால், பிளஞ்சர் வைத்தும் வெளியேற்றம் குறையாது. பிளஞ்சரின் நேர அமைப்பைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இல்லாத நிறுவனம், உருளையை வாங்குவதற்கு முன் அந்த ஆளைத் தேட வேண்டும்.

மூடிவிடுவது

கடைசியாக ஒரு வழி. இரண்டு விற்பனையாளர் பட்டியலிலும் இது இருக்காது. நாளொன்றுக்கு 15 பீப்பாய் எண்ணெய்க்குச் சமமான அளவுக்கும் குறைவாக உற்பத்தி செய்யும் கிணற்றடித் தளங்களை 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்கத் தளங்களில் சுமார் 80 சதவீதம் இவை. உற்பத்தியில் இவற்றின் பங்கு 6 சதவீதம். கிணற்றடி மீத்தேனில் இவற்றின் பங்கோ ஏறத்தாழ பாதி. இப்படிப்பட்ட தளம் ஒன்றில் கம்ப்ரசர் வைப்பதா, சோலார் வைப்பதா என்று மண்டையை உடைப்பதற்கு முன், அந்தக் கிணறு இன்னும் ஓட வேண்டுமா என்று கேட்க வேண்டும். மாற்றும் செலவு, பராமரிப்பு, மீதமிருக்கும் வாயுவின் மதிப்பு மூன்றையும் எழுதிப் பார்த்தால், பல கிணறுகளுக்கு சிமெண்ட் போட்டு அடைப்பதே மலிவாக வரும்.

நடைமுறையில் அப்படி நடக்காததற்குக் காரணம் உண்டு. சொற்ப உற்பத்தியாவது காட்டிக்கொண்டிருக்கும்வரை அடைக்கும் செலவைத் தள்ளிப்போடலாம். கிணறு கைமாறி, கடைசியில் திவாலாகும் சிறு நிறுவனத்தின் கைக்குப் போனால் அந்தச் செலவு அரசின் தலையில் விழும். அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் ஒரு குத்தகைக்கு வைக்க வேண்டிய பிணைத்தொகை 1960இலிருந்து 10,000 டாலராகவே இருந்தது. 2024இல்தான் அதை 1,50,000 டாலராக உயர்த்தி விதி வந்தது. உரிமையாளர் இல்லாமல் கைவிடப்பட்ட கிணறுகளை அடைக்க 2021இன் உள்கட்டமைப்புச் சட்டம் ஒதுக்கிய 470 கோடி டாலர் மக்களின் வரிப்பணம். கிணறு ஓடி லாபம் தரும் ஆண்டுகளிலேயே அதை மூடுவதற்கான பணத்தைத் தனியாக எடுத்துவைக்கும் நிறுவனத்துக்கு மட்டுமே இந்த வழி உண்மையில் திறந்திருக்கிறது. அப்படி எடுத்துவைத்திருந்தால், மேலே சொன்ன எதையும் வாங்குவதற்கு முன் மூட வேண்டிய கிணறுகளின் பட்டியலை முதலில் எழுதிவிடலாம். கம்ப்ரசருக்கும் கேமராவுக்கும் ஆகும் கணக்கை மீதி இருக்கும் கிணறுகளுக்கு மட்டும் போட்டால் போதும்.